இத்தாலிய வாய்பாடும் அப்பாவும்

செப். 7, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. தெருமுனையில் துர்கா பூஜைப் பந்தலுக்குக் கட்டிய மூங்கிலெல்லாம் நனைந்து கறுத்துவிட்டது. துணி காயவில்லை. யூனிஃபார்ம் இரண்டும் ஃபேனுக்கு அடியில், நாற்காலி முதுகில்.

இத்தாலியன் வாய்மொழிப் பரீட்சை வரும் சனி காலை 10.15, இங்கே கல்கத்தாவிலேயே, கரியாஹாட்டில். எழுத்துப் பரீட்சை போன மாதமே ஆயிற்று, பாஸ். இதிலும் தேறினால் ஏஜென்சி இத்தாலிக்கு அனுப்பும். முதியோர் இல்லத்தில் நர்ஸ். தேறாவிட்டால் அடுத்த வருஷம்தான், அதற்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஆக, இதை விட்டால் வேறு இல்லை.

இன்று 'போ' என்கிற வினை. ஆந்தாரே. நான் போகிறேன், வாதோ. நீ, வாய். அவன், வா. அப்பாதான் தாளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார். ஸ்ட்ரோக்கில் இடது கை போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் வலது கைதான்.

"போறான்கிறதுக்கு வான்னா சொல்றான்? என்னம்மா பாஷை இது, வெளங்கினாப்லதான்!"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா போன பிறகு இப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

மத்தியானம் நியூ டவுனிலிருந்து முரளி அண்ணா. சாப்பிட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தி என்ன, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"நீ போயிட்டா அவர யாரு பாத்துக்கறது? நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிடுவோம். எங்க ஃப்ளாட் பதினேழாவது மாடி. அவர் பாட்டுக்குத் தனியா பால்கனில போய் நின்னார்னா?"

"ஆயா சென்டர்ல சொல்லி ஆள் போடலாம்ணா."

"அவர் ஒத்துப்பாரா? பொம்பள ஆள் வந்து என்னைக் குளிப்பாட்டறதான்னு கத்துவார். ராஜர்ஹாட்ல ஒரு பிருத்தாஸ்ரம் பாத்து வெச்சிருக்கேன். சுத்தமா இருக்கு. தோட்டம்லாம் போட்டிருக்கான்."

முதியோர் இல்லம். நான் அங்கே போய் யார் வீட்டுக் கிழவரையோ குளிப்பாட்ட வேண்டும், என் அப்பாவை இங்கே யாரோ குளிப்பாட்ட வேண்டும். பாத்திரத்தைத் தேய்த்தேன். ஏற்கனவே தேய்த்த பாத்திரம்.

ஹாலில் அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

செப். 9, செவ்வாய்

மழை விட்டது, புழுக்கம். காலை டியூட்டி. கை கட்டில் விரிப்பை மாற்றுகிறது, வாய் வினையை மாற்றுகிறது. இருப்பேன், இருப்பாய், இருப்பார். ரெஸ்தெரோ, ரெஸ்தெராய், ரெஸ்தெரா. ஆறாம் நம்பர் கட்டில் மாசிமா முழித்துப் பார்த்து, "கீ மொந்த்ரோ போட்சோ, சிஸ்டர்?" என்றாள். ஆமாம் மாசிமா, மந்திரம்தான், பலிக்குமா தெரியாது.

மாலை இத்தாலியன் கிளாஸ். டீச்சர் ஷர்மிஷ்டா-தி இன்று முழுக்க கொன்ஜுந்தீவோ. ஆசைப்படுகிறேன், பயப்படுகிறேன், சந்தேகப்படுகிறேன் என்று தொடங்கினால் பின்னால் வரும் வினைக்கு வேறு உருவம். எனக்கு மூன்றும் ஒரே சமயத்தில் இருப்பதால் நல்ல பயிற்சி.

'போயிருந்தால்' என்பதில் தடுமாறினேன். 'போவேனாக இருந்தால்' சரியாக வந்தது. ஷர்மிஷ்டா-தி: "உனக்கு வாய்பாடு எல்லாம் தெரியுது சுதா. ஆனா நீ ஒப்பிக்கிற. அவங்க ஒப்பிக்கிறத கேக்க மாட்டாங்க, பேசறத கேப்பாங்க."

வாங்க: அப்பா பி.பி. மாத்திரை, புளி, செருப்புக்குத் தையல்.

அப்பா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தாளைக் கேட்கவே இல்லை. நானும் நீட்டவில்லை.

செப். 11, வியாழன்

எழுதினால் மனசு அடங்குமா பார்க்கலாம்.

நாலு மணிக்கு வார்டில் இருந்தபோது பரீட்சை சென்டரிலிருந்து மெசேஜ். உங்கள் கோரிக்கைப்படி சனிக்கிழமை நேரம் 12.45-க்கு மாற்றப்பட்டது. நான் எங்கே கோரிக்கை வைத்தேன்? சனி எனக்கு ரெண்டு மணி டியூட்டி. காலையில் பரீட்சையை முடித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி என்று எல்லாம் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் ஏற்கனவே லேட் மார்க். வார்டு இன்சார்ஜ் அப்போதே சொல்லிவிட்டார், இன்னொரு தரம் என்றால் மெமோ. மெமோ வாங்கினால் இத்தாலிக்குக் கேட்கிற அனுபவச் சான்றிதழில் அவர் கையெழுத்துப் போடுவாரா?

போன் போட்டேன். அங்கே இருந்த பெண் பெங்காலியில் சாவகாசமாக, "உங்க பாபாதான் பண்ணினார் தீதி. சனிக்கிழமை காலைல பொண்ணு என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், மாத்திக் கொடும்மான்னு. எவ்ளோ நல்லா பாங்ளா பேசறார்!"

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அப்பா, நேரத்த மாத்தச் சொன்னது நீங்களா?"

"ஆமா."

"யாரக் கேட்டு மாத்தினீங்க?"

"சனிக்கெழம ஒம்பதுலேந்து பத்தர ராகுகாலம். தெரிஞ்சே அனுப்பச் சொல்றியா?"

சுவரில் தினசரி காலண்டர். திருச்சியிலிருந்து அத்தை வருஷா வருஷம் அனுப்புவது. எனக்கு வந்ததே கோபம். கத்திவிட்டேன். இங்கே சூரியன் தமிழ்நாட்டைவிட அரை மணி முன்னாடியே எழுந்துவிடுகிறது அப்பா, ராகுகாலமும் முன்னாடியே முடிந்துவிடும், இத்தனை வருஷம் கல்கத்தாவில் இருந்து இதுகூடத் தெரியாதா, பத்தேகால் நல்ல நேரம்தான், இருந்த நல்ல நேரத்தைக் கெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. கீழ் வீட்டில் டி.வி. சத்தம் நின்றது. கேட்கிறார்கள். கேட்கட்டும்.

அப்பா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல அப்படிதாம்மா போட்டிருந்துது," என்றார். அவ்வளவுதான்.

தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பிறகு தோன்றியது: நான் போகக் கூடாது என்று நினைக்கிறவர் எதற்குப் போன் பண்ண வேண்டும்? சும்மா இருந்தாலே போதுமே, மிச்சத்தை ராகு பார்த்துக்கொண்டிருப்பான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், டாக்டர் அது இதென்று பொய் சொல்லியிருக்கிறார். எனக்காக. இதை நினைத்ததும் கோபம் போய் வேறென்னவோ வந்து உட்கார்ந்துகொண்டது. கோபமே தேவலை.

கூட வேலை பார்க்கும் மௌசுமிக்கு மெசேஜ்: சனி ரெண்டிலிருந்து மூன்று வரை என் வார்டைப் பார்த்துக்கொள்வாயா. பதில் இல்லை.

செப். 12, வெள்ளி

மௌசுமி சரி என்றாள். பதிலுக்குத் துர்கா பூஜை அஷ்டமி அன்று அவள் டியூட்டி எனக்கு. அஷ்டமி அன்று டியூட்டி செய்யும் வங்காளி இன்னும் பிறக்கவில்லை, அதனால் நியாயமான வியாபாரம்தான்.

பயிற்சி: தேவை, முடியும், விரும்பு. மூன்றும் ஒழுங்கற்ற வினைகள். கண்ணாடி முன் நின்று சொன்னேன். அப்பா அவர் அறையில். கதவு திறந்துதான் இருந்தது.

யூனிஃபார்மை மடித்துப் பையில் வைத்தேன்.

செப். 13, சனி

ஆட்டோ கிடைக்கவில்லை, பஸ். கரியாஹாட் முழுக்க பூஜை ஷாப்பிங் கூட்டம், நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. யூனிஃபார்ம் பையில். 12.30-க்குப் போய் உட்கார்ந்தேன். 12.45 ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. கேரளத்துப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வெளியே வந்தாள். எனக்கு வாதோ, வாய் எதுவுமே ஞாபகம் இல்லை.

1.10-க்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர். ஒருவர் எதிரில், இன்னொரு அம்மாள் கம்ப்யூட்டர் திரையில், இத்தாலியிலிருந்து. நரைத்த முடி, பெரிய கண்ணாடி. தலைப்பு: வயதானவர்கள் வீட்டில் இருப்பது நல்லதா, இல்லத்தில் இருப்பது நல்லதா. நர்ஸ்களுக்கு வேறென்ன கேட்பார்கள்.

தயாரித்து வைத்ததைச் சொன்னேன். இறந்தகாலம், எதிர்காலம், 'இருந்தால்', 'இருந்திருந்தால்', எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்கே ஆச்சரியம். உதாரணத்துக்கு அப்பாவைச் சொன்னேன்: ஸ்ட்ரோக், இடது கை, அண்ணாவின் பதினேழாவது மாடி. அண்ணா இல்லத்தில் சேர்க்க விரும்புகிறான் என்றேன். நான் ஆள் வைக்க விரும்புகிறேன் என்றேன்.

திரையிலிருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "உங்கள் அப்பா? அவர் என்ன விரும்புகிறார்?"

நேற்று கண்ணாடி முன் நின்று சொன்ன அதே வினை. எந்தக் காலத்தில் கேட்டாலும் சொல்வேன். சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஞாயிறு சமையலறையில் அண்ணா சொன்னது 'அவர்', நான் சொன்னதும் 'அவர்'. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரிடம் யாருமே கேட்கவில்லை.

"நோன் லோ ஸோ," என்றேன். தெரியாது. பிறகு, நான் அவரைக் கேட்டதே இல்லை என்றும் இத்தாலியனிலேயே சொன்னேன். எதிரில் இருந்தவர் ஏதோ எழுதிக்கொண்டார். நன்றி, போகலாம் என்றார்கள்.

2.25-க்கு ஆஸ்பத்திரி. மௌசுமி சமாளித்துவிட்டாள். இன்சார்ஜ் பார்க்கவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்தால் அப்பா தூங்கிவிட்டிருந்தார். எனக்குத் தோசைக்கு மாவை வெளியே எடுத்து வைத்திருந்தார், ஒரு கையால்.

செப். 15, திங்கள்

வெயில். நேற்று முழுக்க அப்பா கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பரீட்சை என்று ஒன்று நடந்ததாகவே இருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

இன்று லீவு. பதினோரு மணிக்கு மெயில். பாஸ். பேச்சுக்கு நல்ல மதிப்பெண். வர விருப்பம் என்றால் இன்று மாலைக்குள் பதில், ஜனவரியில் பயணம்.

அண்ணாவுக்குச் சொல்லவில்லை. முதலில் அப்பா. ஹாலில் சப்பாத்திக்குப் பட்டாணியை வலது கையாலேயே தட்டில் அழுத்தி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா, பாஸ்."

"அப்படியா! சந்தோஷம்மா." பட்டாணியை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"போறேனா இல்லையான்னு இன்னிக்கே சொல்லணும். நீங்க என்ன நினைக்கறீங்க?"

"அண்ணா என்ன சொல்றான்?"

"அண்ணாவ விடுங்க. உங்களக் கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்?"

இன்னும் ரெண்டு பட்டாணி உரித்தார். தெருவில் பழைய பேப்பர்காரன் கத்திக்கொண்டு போனான். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு சுதா. பாத்ரூம்ல விழுந்துடுவேனோன்னு பயம். நீ இல்லாதப்போ செத்துப் போயிடுவேனோன்னு பயம். அந்த ராஜர்ஹாட் தோட்டத்துக்கு நான் போக மாட்டேன். இந்த வீட்லதான் இருப்பேன். ஆயா சென்டர்ல ஆம்பள ஆள் இருக்கானான்னு கேளு."

"சரிப்பா."

"நீ இருந்தா தேவலன்னு இருக்கு. பொய் சொல்லல. இருன்னும் சொல்லல."

நான் அழுதேன். அவர் அழவில்லை. என் கையிலிருந்த போனை முகவாயால் காட்டினார்.

"போறேன்னு எழுதி அனுப்பு."

"பயமா இருக்குங்கறீங்களேப்பா."

"அது என் வேலை. அத நான் பாத்துக்கறேன். நீ அனுப்பு."

அனுப்பிவிட்டேன்.