போகாத இடங்களின் எண்கள்

1968 ஜனவரி 9, மாத்தளை

மழை விடவில்லை. நாளை வில்கமுவைப் பக்கம் புவியீர்ப்பு அளக்கப் போக வேண்டும்.

ஜனவரி 10

பாதை வெள்ளத்தில் போய்விட்டதாம். எங்கள் ஆய்வுத் தலைவர் டாக்டர் தர்மராஜா சீகிரியா ரெஸ்ட் ஹவுசோடு நின்றுவிட்டார். கோழிக்கறி தின்ற கையோடு வரைபடத்தை விரித்து, நாங்கள் போகாத இடங்களுக்கெல்லாம் அளவுகளை எழுதினார். இடையிடையே பல் குத்திக்கொண்டார்.

“சேர், அங்க அளக்கவே இல்லையே?” என்றேன்.

“உந்தக் காட்டுக்குள்ள ஆர் ஐசே போய்ப் பாக்கப் போகினம்? இலங்கை முழுக்க அடியில ஒரே பாறைதான், யஹ்யா.”

இந்த அளவுகளை வைத்து அவர் எழுதும் கட்டுரையில் என் பெயரும் வருமாம். சீ! அந்தக் கோழியை நானும்தானே தின்றேன்.

ஜனவரி 11

காலையில் அவரோடு சாப்பிட உட்காரவில்லை.

பெப்ரவரி 5, வில்கமுவை

வெள்ளம் வடிந்துவிட்டது. தர்மராஜா கொழும்பில். டிரைவர் ஜமால்தீனோடு புறப்பட்டு வந்தேன். ஜீப் சேற்றில் புதைந்ததும் டிரக்டரில் ஏறினோம். புவியீர்ப்பு அளக்கும் கருவி குலுங்காதபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

மலை இறங்கிக் கிழக்கே வர வர பூமியின் இழுப்பு மாறுகிறது! உயரத்தால் வரும் வித்தியாசத்தைக் கழித்தும் மாறுகிறது. திரும்பத் திரும்ப அளந்தேன் – அதேதான். இது வேறு பாறை. எந்தக் காலத்திலோ இரண்டு நிலங்கள் மோதி ஒட்டிய இடமோ? கண்டங்கள் நகர்கின்றன என்கிறார்களே – அதன் தழும்பு இந்த வயல்களுக்கு அடியிலா?

என்னை மறந்து கத்திவிட்டேன்.

“என்ன சேர், பாம்பா?” என்று ஜமால்தீன் ஓடிவந்தான்.

பெப்ரவரி 12

கொழும்பிலிருந்து திரும்பியவரிடம் புதிய அளவுகளைக் காட்டினேன். தர்மராஜா ஏறிட்டும் பார்க்கவில்லை.

“கட்டுரை லண்டனுக்குப் போயிட்டுது. இப்ப ஏன் உதைக் கிளறுறீர்?”

“அப்ப எம் பேர எடுத்துருங்க, சேர்.”

“பேரை எடுத்தா உமக்கு இங்க வேலையும் இல்லை.” சிரித்தபடி தோளில் தட்டினார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டேன். எப்படி இந்த மனுசனோட இத்தன வருசம் ஒக்காந்து சாப்பிட்டேன்?

மனைவி மஸீனாவிடம் சொன்னேன். அவள் வாளியிலிருந்த சட்டையை அலசிப் பிழிந்தாள். பிறகு, “பேர எடுக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. மத்தத அல்லாஹ் பாத்துக்குவான்” என்றாள்.

பெப்ரவரி 13

எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 4

இடமாற்றம். இனி மாத்தளைக் கடைகளில் தராசுகளையும் படிக்கற்களையும் சோதிக்கும் வேலை. பூமியை அளந்தவனுக்கு!

நவம்பர் 20

அச்சான கட்டுரையை ஜமால்தீன் கொண்டுவந்து தந்தான். அதன் வரைபடத்தில் வில்கமுவைக்கு மேலே அந்தப் பொய் அளவுகளின் கோடுகள் வழவழவென்று ஓடுகின்றன. தர்மராஜாவின் பெயர் மட்டும். நான் அளந்ததை இதுவரை யாரும் கேட்கவில்லை.

மாலையில் கடைத்தெரு. ஒரு தராசுத் தட்டின் அடியில் எடை கூட்ட ஒட்டியிருந்த புளி உருண்டையைச் சுரண்டி எடுத்தேன். முதலாளி அவசரமாக ஒரு பிளேன்டீ நீட்டினார். வேண்டாமென்று அந்தக் கள்ளத் தராசைப் பறிமுதல் செய்து தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனேன்.