இறக்கத்தில் மிதித்தவன்

மாமே,

புது டயரின் ரப்பர் வாசனை மதியத்திலிருந்து வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சைக்கிளின் பின்சக்கரத்து டயர் தேய்ந்துவிட்டதால் இன்று மாற்றினேன். "இது ஊடா, பஞ்சர் கடையா? சோத்துல கூட ரப்பர் வாசனை வருது" என்று என் வீட்டுக்காரி தட்டை நகர்த்தி வைத்தாள். சக்கரத்தை மாட்டி முடித்ததும், நேராகச் சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு தட்டு தட்டிவிட்டேன். கரகரவென்று அந்தச் சத்தம் கூடம் முழுக்கப் பரவியது. அவள் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். யாருமில்லை. அவள் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் நீ படித்திருக்க மாட்டாய். "வாயால சொல்லு மாமே, இத்தன பக்கத்த எவன் படிக்கறது" என்றிருப்பாய். வாயால் சொல்ல இனி வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஃப்ரேமை நீ வாங்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? பழைய வண்டியின் ஃப்ரேம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் வெல்டிங் ஓரமாக விரிசல் விட்டது. ஒரு வாரம் துக்கம் கொண்டாடினாய். மறுவாரம் அட்டைப்பெட்டியோடு உன் பெயிண்ட் கடைக்கு வந்து நின்றாய். கடுகு எண்ணெய் நிறத்தில் ஒரு வெறும் ஃப்ரேம். சக்கரம் இல்லை, ஃபோர்க் இல்லை, ஹேண்டில் இல்லை. டிஸ்டம்பர் டப்பாக்களுக்கு மேல் அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு, சுண்ணாம்பு வாங்க வந்தவர்களிடம் எல்லாம் காட்டினாய். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு வந்து போகிற சனத்தில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். "மிச்சம் எங்க பாய்?" என்று ஒருவர் கேட்டார். "மிச்சத்த இனிமேதான் கண்ணாலம் பேசி முடிக்கணும்" என்றாய்.

நிஜமாகவே கல்யாணம் பேசுகிற மாதிரிதான் பேசினோம். பின்னால் ஷாக் கிடையாது, முன்னால் மட்டும்தான். அந்த மாதிரி வண்டிக்கு, முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஃபோர்க் தப்பினால் எல்லாம் தப்பு என்று நீ சொல்வாய். "முன்னாடி மெத்து, பின்னாடி கெத்து" என்பது உன் வேதம். காற்று ஃபோர்க்கா, ஸ்பிரிங் ஃபோர்க்கா என்பதில் ஒரு மாதம் போனது. ஸ்பிரிங் போதும், பழுதானால் திருமழிசையில் நான் வேலை பார்க்கிற தொழிற்பேட்டையிலேயே யாராவது சரிசெய்து தருவார்கள் என்றேன் நான். "ஏன்டா, லேத்து பட்டறையில குடுத்து ஃபோர்க்கு செய்வியா? அதுக்கு நீ லாரியே ஓட்டு" என்றாய். சக்கரத்திலும் சண்டை. நான் குள்ளன், சின்னச் சக்கரம் கேட்டேன். நீ ஆறடி. "கல்லுமேல ஏறாத, கல்ல உருட்டிகினு போகணும். அதுக்கு இருபத்தொம்போது இஞ்சுதான்" என்று அடித்துப் பேசினாய். வண்டி உனக்குத்தான், ஓட்டப்போவது நீதான். இருந்தும் நான் ஏன் அவ்வளவு வாதாடினேன் என்று தெரியவில்லை. உன்னோடு வாதாடுவது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட நீ மெனக்கெட்டது ஹப்பின் சத்தத்துக்கு. மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து கிளம்பும் அந்தக் கரகரப்பு. மிதித்தால் அடங்கிவிடும். சில ஹப்பில் சத்தமே வராது. சிலது தெருவையே கூட்டும். உன் பழைய வண்டி இரண்டாவது ரகம். ஆனால் அந்தச் சக்கரம் புது ஃப்ரேமில் ஏறாது, அச்சின் அளவு வேறு. நெடுஞ்சாலைக்குத் தார் மேல் தார் போட்டு உயர்த்தியதில் உங்கள் தெரு முனையிலிருந்து வீடு வரை சரிவாகிவிட்டதல்லவா? முனையிலேயே நீ காலை நிறுத்திவிடுவாய். வண்டி தானாக இறங்கிவரும். அந்தச் சத்தம் கேட்டு உன் அம்மா உள்ளே அடுப்பைப் பற்றவைப்பார்கள். நாம் சுவரில் வண்டியைச் சாய்ப்பதற்கும் இஞ்சி டீ கொதிப்பதற்கும் சரியாக இருக்கும். நீ செல்போனில் ஒவ்வொரு ஹப்பாக ஓடவிட்டு அம்மாவின் காதருகே பிடித்தாய். சத்தமில்லாத ஒன்றைக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இத வாங்கின, உனக்கு டீ கெடையாது. எனக்கு எப்டிடா தெரியும் நீ வந்தது?"

அப்புறம் அந்த மழைக்காலக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் ஊசி குத்தியிருக்க, அப்போதும் நீ வண்டிப் பேச்சுதான் பேசினாய். "ஃபோர்க்கு நீ பாத்துகினே இரு மாமே. வீலு மட்டும் நான் வந்து சொல்றேன். சத்தம் கேக்காம வாங்கிடாத." கண் மஞ்சளாக இருந்தது. நான் உன் காலை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்தேன். திரும்ப வந்து பார்க்க நேரம் இருக்கிறதென்று நினைத்தேன். மறுநாள் விடியலில் உன் தம்பி போன் செய்தான். அடக்கத்தில் எல்லோரும் மண் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். அந்த ஈரமண்ணின் பிசுபிசுப்பு கையை விட்டுப் போக நாளாயிற்று.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து பிரியாணித் தட்டுகள் கழுவப்பட்ட பிறகு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்கள். உன் சட்டைகள், செருப்பு, கடிகாரம் எல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. சுவரோரம், கடையிலிருந்து எடுத்து வந்திருந்த அந்த ஃப்ரேம் மட்டும் இருந்தது. "போனவன் பொருள் ஊட்டுல தூங்கக்கூடாது தம்பி. யாரு கையிலயாச்சும் உழைக்கணும். நீ எடுத்துகினு போ. மாட்டி வெக்காத. ஓட்டு" என்றார்கள். நான் தலையாட்டினேன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு குமணன்சாவடியில் என் வீடு வரை நடந்தே வந்தேன். ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை.

ஃபோர்க் வாங்குவது சுலபமாக இருந்தது. நீ கேட்ட காற்று ஃபோர்க், நீ சொன்ன நூற்றிருபது மில்லிமீட்டர் அளவு. சக்கரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அம்பத்தூர் கடைக்காரர் இரண்டு சக்கரங்களைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் இருபத்தொன்பது. ஒன்றைச் சுற்றினார், சத்தமே இல்லை. இன்னொன்றைச் சுற்றினார். கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அச்சாக உன் பழைய வண்டிச் சத்தம். ஏரிக்கரையில் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பின்னால் கேட்ட சத்தம். நீ ஒருநாளும் முன்னால் போனதில்லை. "நீ முன்னாடி போ மாமே. நீ உழுந்தா தூக்கறதுக்கு ஆளு வேணாவா?"

"இன்னா சார், எது போடலாம்?" என்றார் கடைக்காரர்.

சத்தமில்லாததைக் காட்டத்தான் கையைத் தூக்கினேன். அம்மாவை நினைத்து. அந்தத் தெருவில் அந்தச் சத்தம் போனால் அவர்கள் என்ன ஆவார்கள் என்று நினைத்து. ஆனால் வாய் மற்றதைச் சொல்லிவிட்டது. சத்தம் கேக்காம வாங்கிடாத என்றாயே.

வண்டியை முழுசாக மாட்டி முடித்ததும் ஒரு கூத்து நடந்தது. காற்று ஃபோர்க்கில் ஓட்டுகிறவன் எடைக்குத் தகுந்தபடிதான் காற்றடிக்க வேண்டும். நான் என்னையறியாமல் உன் எடைக்கு அடித்துவிட்டேன். ஏரிக்கரையில் ஏறிய முதல் கல்லிலேயே மணிக்கட்டு இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. அப்புறம்தான் புரிந்தது. புரிந்த பிறகும் காற்றை இறக்கவில்லை. ராத்திரி தைலம் தேய்த்துவிட்டு, "இன்னா ஷாக்கோ, ஆளுக்குத்தான் ஷாக்கு அடிக்குது" என்று வீட்டுக்காரி கேலி செய்தாள். ஓட்டும்போது நான் மிதிப்பதை நிறுத்தினால் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்கும். பின்சக்கரம்தானே, பின்னால்தான் கேட்கும். அது தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேன். காலி மண்பாதை. ஒருமுறை ஓரமாக ஒதுங்கி வழிகூட விட்டேன். சொன்னால் சிரிப்பாய்.

மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து அடைத்ததால் ஏரிக்குப் போக உங்கள் தெருதான் வழி. சுற்றிக்கொண்டு போகலாம், முடியாமலில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகாமலும் இருக்க முடியவில்லை. அதனால் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். முனையிலிருந்து உங்கள் வீட்டைத் தாண்டும் வரை விடாமல் மிதிப்பேன். மிதித்தால் சத்தம் வராதே. இறக்கத்தில் வேகம் பிடிக்காமல் இருக்க பிரேக்கை அழுத்திக்கொண்டே மிதிப்பேன். பிரேக்கும் மிதியும் சேர்ந்து ஒரு கேலிக்கூத்து. உங்கள் சமையலறை ஜன்னலைத் தாண்டும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வேன். இப்படித் திருடன் மாதிரி போய்வந்ததிலேயே மழைக்காலம் தாண்டிப் பனிக்காலமும் போயிற்று.

ஒரு ஞாயிறு காலை. தெருவில் பாதி இறங்கியிருப்பேன், எதிரே ஒரு தண்ணி லாரி ரிவர்ஸில் வந்து வழியை அடைத்தது. கால் தானாக நின்றுவிட்டது. நின்றதும் கிளம்பியது சத்தம். கரகரவென்று, அப்புறம் வேகம் குறையக் குறைய டிக், டிக், டிக் என்று, சரியாக உங்கள் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்துட்டியா? இரு, டீ வெக்கறேன்."

அடுப்பு லைட்டர் ஒரு தடவை கிளிக்கென்றது. அடுத்த கிளிக் கேட்கவில்லை.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது மாமே. லாரி இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஓடிவிடலாமா என்று பார்த்தேன், கால் வரவில்லை. உள்ளே அவர்கள் லைட்டரோடு நிற்பது சுவரைத் தாண்டி எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்தார்கள். கையில் லைட்டர் அப்படியே இருந்தது.

"நீயா" என்றார்கள்.

"ஆமாம்மா. லாரி வந்துடுச்சு... நிறுத்தணும்னு நெனக்கல. மன்னிச்சிக்கங்க."

"எதுக்கு மன்னிப்பு? வாரா வாரம் நீ போறத ஜன்னல்ல பாத்துகினுதான் கீறேன். எறக்கத்துல எவனாச்சும் மிதிப்பானா? எனக்கு வண்டி தெரியாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சத்தம் கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா."

"இப்ப மட்டும் சந்தோசமாவா கீறேன்?" முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள். "அந்தச் சத்தம் கேட்டப்ப, நெசம் நெனப்புக்கு வர்ற வரைக்கும், எம்புள்ள தெருவுல வந்துகினு இருந்தான். அந்தக் கொஞ்ச நேரத்த எங்கிட்டேர்ந்து ஏன்டா மறைச்சி எடுத்துகினு போற?"

தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். லாரிக்காரர் ஹாரன் அடிக்கக் கையெடுத்தவர் அப்படியே இருந்துவிட்டார். அம்மா வண்டியின் சீட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார்கள். அப்புறம், "உள்ள வா. தண்ணி கொதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள். இந்தத் தடவை லைட்டர் முதல் கிளிக்கிலேயே பிடித்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் முனையிலேயே காலை நிறுத்திவிடுகிறேன். உள்ளேயிருந்து "வந்துட்டியா" என்று குரல் வரும். யாரைக் கேட்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. "வந்துட்டேம்மா" என்று சொல்கிறேன். உன் இஞ்சி டீயை நான் குடிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சில நாள் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எனக்குப் பின்னால் வாசலைப் பார்ப்பார்கள். நான் திரும்புவதில்லை. திரும்பினால் காலித் தெருவைப் பார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் பார்ப்பது என்னவோ, அது அவர்களுக்கே இருக்கட்டும்.

இன்று டயர் மாற்றிய கையோடு இன்னொன்றும் செய்தேன். ஃபோர்க்கில் பம்ப்பைப் பொருத்தி, உன் எடைக்கு இருந்த காற்றை என் எடைக்கு இறக்கினேன். உஸ்ஸென்று போனது. மனசுக்கு என்னவோ போலிருந்தது, கொஞ்ச நேரம் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் எடையை மணிக்கட்டில் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? சத்தத்தில் மட்டும் கைவைக்க மாட்டேன். அது அம்மாவுடையது.

விடிந்தால் ஞாயிறு. நான் முன்னாடி போகிறேன் மாமே. தெருமுனையில் காலை நிறுத்துவேன். நீ வா.