கல் பிடித்த கை

காஜா பெராங், மலாக்கா
9-9-1956

அன்பு மகள் மல்லிகாவுக்கு அப்பா தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், ஆட்டுக்கு மட்டும் வயிறு சரியில்லை, அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிய வேண்டும். இதுவரை வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல மளிகைக்கடை ஷரீஃபுதீன் எழுதியவை. இது என் எழுத்து. வரி கோணலாகப் போனால் தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொள்.

முதியோர் வகுப்பில் எழுத்து வந்ததிலிருந்து தெருவில் ஒரு போர்டையும் நான் விடுவதில்லை. இதைப் பார்த்த ஷரீஃபுதீன், லிங்கி ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய சமாதி இருக்கு, பக்கத்துல பெரிய பெரிய கல்லுங்க நிக்குது, அதுல இருக்கற எழுத்த இங்க ஒருத்தனாலயும் படிக்க முடியல என்றார். என்னை யாரும் கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை தனியாகப் புறப்பட்டுவிட்டேன். அந்தப் பக்கம் இன்னும் கறுப்புப் பகுதி. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சாப்பாட்டுப் பொருள் எதையும் கொண்டுபோக விடமாட்டார்கள். அம்மா பயந்து அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, உங்களப் புடிச்சிக்கிட்டுப் போனா மறுநாளே அவனே பஸ் ஏத்தி விட்டுருவான், போயிட்டு வாங்க என்றாள். மத்தியானம் நான் குடிக்கிற பச்சை முட்டை இரண்டையும் என் தலைப்பாகைக்குள் வைத்துக் கட்டிவிட்டதும் அவள்தான்.

பாலத்தில் காவல் நின்ற ஹோம்கார்டு நம் தமிழ் ஆள், தம்பிராஜா என்று பெயர். சாப்பாடு ஏதும் இருக்கா தாத்தா என்றான். தலையை ஆட்டாமல், இல்லை என்றேன். பக்கத்தில் ஊரடங்கு அறிவிப்பு தமிழிலும் தொங்கியது. விடுவேனா, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். நீங்க படிச்சி முடிக்கிறதுக்குள்ள ஊரடங்கே வந்துரும் லா, எனக்கு வேலை முடிஞ்சிருச்சு, வாங்க நானே காட்டுறேன் என்று துப்பாக்கியோடு கூடவே வந்தான்.

கல்லைப் பார்த்தேன். அதில் ஒரு ட கூட இல்லை. ட-வைவிட எளிதான எழுத்து உலகத்தில் உண்டா, அதைக்கூட எழுதாமல் ஒருவன் அவ்வளவு பெரிய கல்லைக் கொத்தி வைத்திருக்கிறான். இன்னொரு கல்லில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. பொய் சொன்னவன் கையை விட்டால் கல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம், தம்பிராஜா சொன்னான். நீ விட்டுப் பாரு என்றேன். எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு தாத்தா, நீங்க விடுங்க என்றான். விட்டேன். விளையாட்டாக, சாப்பாடு இருக்கா இல்லையா என்று மறுபடியும் கேட்டான். இல்லை என்று சொல்லிக் கையை இழுத்தேன், வரவில்லை.

தம்பிராஜாவுக்கு முகம் மாறிவிட்டது. துப்பாக்கியைப் புல்லில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தான். ஊரடங்குக்கு அப்புறம் இங்க நின்னா சுட்டுருவாங்க, கல்லையும் தூக்கிட்டு ஓட முடியாது, உண்மையைச் சொல்லித் தொலைங்க என்று கெஞ்சினான். தலையில் முட்டை இருக்கிறது என்றேன். கை வரவில்லை. வேற என்ன பொய், வேற என்ன பொய் என்றான். ஆட்டுக்குப் பழைய சோறு போட்டது அம்மா இல்லை, நான்தான் என்றேன். வரவில்லை. புள்ளைங்க இருக்கா என்றான். ஒரே மகள், சீமையில் நர்ஸ் படிப்பு முடியப் போகிறது, இன்னும் சில வருஷம் அங்கேயே வேலை பார்க்கட்டுமா என்று கேட்டாள், உன் இஷ்டம், எங்களுக்கு வருத்தமில்லை என்று பதில் எழுதச் சொன்னேன் என்றேன். வருத்தமில்லையா என்றான். வருத்தம்தான்டா என்று கத்தினேன். கத்துகிற நேரத்திலேயே அவன் தலைப்பாகையை உருவி, இரண்டு முட்டையையும் என் கைமேல் உடைத்து ஊற்றினான். கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

முட்டையாலா உண்மையாலா என்று பஸ்ஸுக்கு ஓடும்போதே எங்களுக்குள் சண்டை. முட்டைதான் என்கிறான் அவன். அம்மாவும் முட்டை கட்சிதான். நல்லா தின்னு வளத்த கை, கல்லு பாவம் என்ன பண்ணும் என்றாள். ஆனால் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை.

உன் இஷ்டம் என்று எழுதியது உண்மை, அதை நான் மாற்றவில்லை. நல்ல வேலை, நீயே யோசித்துச் செய். அந்தக் கடிதம் கைவசம் இருந்தால் எடுத்து, வருத்தமில்லை என்ற சொல்லை மட்டும் பேனாவால் அடித்துவிடு.

கம்பளிக் காலுறையைப் போட மறக்காதே. எந்த ஊரில் இருந்தாலும் நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா.

உன் அப்பா
கலியாணசுந்தரம்
(என் பெயர் இவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது.)