பொன்னாடைகளுக்கு அடியில்

என் பேச்சை முதலில் கேட்கும் துணைவரே,

நேற்றுச் செஞ்சிக் கூட்டத்தில் மகிழுந்தைப் பூட்டாமல் விட்டீர்கள். இதுவே என் குற்றச்சாட்டு. எனக்குப் போர்த்திய பொன்னாடைகளைத் தோழர்கள் பின்னிருக்கையில் குவிப்பதற்காகத் திறந்து வைப்பது நம் வழக்கம்தான்; குவித்த பின் பூட்டியிருக்க வேண்டாமா?

நீங்கள் மேடையருகே தோழர்களோடு நிற்க, நான் தனியே நடந்து வந்து, உள்ளே பார்க்காமல் ஏறிக் கதவைச் சாத்தினேன். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒருவன் எழுந்தான்.

“இன்னாம்மா, இன்னைக்கு ரொம்ப சூடா பேசிட்ட?”

எப்படி வெளியேறினேன் என்பதை எழுத மாட்டேன். கையில் கட்டு இருப்பதால் எழுத்து கோணுகிறது.

நான் இங்கே தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்த பின், நீங்களோ தொலைபேசியில், “இனிமே கூட்டத்துக்கே போவாத, வூட்லயே இரு” என்றீர்கள். பேசியதா என் குற்றம்? வரும் ஞாயிறு வல்லத்தில் பேசுவேன். பூட்ட வேண்டியது மகிழுந்தை, என்னை அன்று. இன்றே வந்து அதன் சாவியை என் கையில் தாருங்கள்.

சிங்கவரத்தில் தங்கை வீட்டிலிருந்து,
உங்கள் துணைவி