ஜஹீதாவின் ஆடுகள்

மயிலாப்பூர்
4 ஆகஸ்ட் 2024

என் செல்ல மகள் சான்ட்ராவுக்கு,

மாதாவின் துணையால் நலம். நீயும் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் நீ பேசுவது என் காதில் விழுவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் இப்படி மெயிலிலேயே எழுது.

அம்மா போன பிறகு வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. டிசம்பரில் நியூசிலாந்துக்கு வந்து உன்னோடேயே இருந்துவிடலாம் என்று விசாவுக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நீ சரி என்று சொன்னால் போதும், வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவேன்.

அதுவரை எனக்கொரு வேலை கிடைத்திருக்கிறது. திருவல்லிக்கேணியில் ஜஹீதா என்று ஒரு பெண். புருஷன் இல்லை. நாலு ஆடுகளை வைத்துத்தான் பிழைப்பு. பக்கிங்காம் கால்வாய்க் கரையில் மேய்கிற ஆடுகள். வயிறு நிறையப் புழு. காலமெல்லாம் தாவரவியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா? வேப்பங்கொட்டை, குப்பைமேனி, பாகல் இலை மூன்றையும் காய்ச்சி வடித்துக் கொடுக்கிறேன். மருந்துக்கு முன்னும் பின்னும் புழுக்கையைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். ஆடுகளின் கண் இமையை விரித்து எடுத்த படங்களும் உண்டு. கால்நடைப் புழுக்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்கிறவள் நீ. பார்த்துச் சொல்லம்மா.

அன்பு முத்தங்களுடன்
டாடி

ஹாமில்டன்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள டாடி,

படங்களைப் பார்த்தேன். புழு முட்டைகள் நன்றாகவே குறைந்திருக்கின்றன. இவ்வளவு நல்ல பலனை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நாலு பேர் ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு வருஷமாவது இடைவிடாமல் செய்ய வேண்டும். கால்நடை ஆஸ்பத்திரியில் தரும் புழு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் விசா, பயணம் என்று அலையாதீர்கள். எனக்கும் இங்கே மூச்சுவிட நேரமில்லை.

சான்ட்ரா

மயிலாப்பூர்
6 அக்டோபர் 2024

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று, சொன்னால் சிரிப்பாய், அம்மா படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்துக் காட்டினேன். விசாவைத் தள்ளிப் போட்டாயிற்று.

ஜஹீதாதான் கொஞ்சம் தயங்கினாள். "மாத்திரய நிறுத்திட்டா ஆட்டுக்கு இன்னா சார் ஆவும்?" என்றாள். "என் பொண்ணு மாட்டு டாக்டர். வெளிநாட்டுல இருக்கா. அவளே சொல்லிட்டாம்மா" என்றேன். "அப்ப சரி சார்" என்று சிரித்தாள்.

ஒரு சந்தேகம். மழை தொடங்கியதிலிருந்து இரண்டு ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி தொங்குகிறது. மந்தையோடு நடக்காமல் உட்கார்ந்துவிடுகின்றன. இமையின் உட்புறம் காகிதம் போல வெளுத்திருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன? சீக்கிரம் எழுது, அவள் தினமும் வாசலில் வந்து நிற்கிறாள்.

டாடி

ஹாமில்டன்
17 அக்டோபர் 2024

டாடி,

தாமதத்துக்கு மன்னியுங்கள். மழைக்காலத்து இளம்புல் தின்றால் அப்படி வீங்குவது உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. சாற்றைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

விசாவை விட்டுவிட்டீர்கள்தானே?

சான்ட்ரா

மயிலாப்பூர்
3 நவம்பர் 2024

சான்ட்ரா,

மூன்று ஆடுகள் செத்துப்போயின. ஒன்று சினையாக இருந்தது.

கடைசியாகச் செத்ததை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிரணவ் என்று ஒரு இளம் டாக்டர். வயிற்றைக் கிழித்துக் காட்டினார். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போல அப்பிக் கிடந்தன. ரத்தம் குடிக்கிற புழுவாம். ஜஹீதா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உனக்கு அனுப்பிய படங்களை அவரிடம் காட்டினேன். எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "சில செடிச்சாறு கொஞ்சம் கேக்கும் சார். ஆனா இவ்ளோ புழுவுக்கு அத மட்டும் நம்பவே கூடாது. ஆகஸ்ட் படத்துலயே முட்டை குறையல, ஏறித்தான் இருக்கு. தாடை வீக்கம் வேற. முதல் வருஷப் பசங்ககிட்ட காட்டியிருந்தாக்கூட சொல்லியிருப்பாங்களே" என்றார்.

யாரிடம் காட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

டாடி

ஹாமில்டன்
5 நவம்பர் 2024

டாடி,

தெரியும். முதல் படத்திலேயே தெரிந்தது.

நீங்கள் இங்கே வரக் கூடாது என்று நினைத்தேன். வராதீர்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். ஏதாவது ஒன்று உங்களை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

இப்போது கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். அம்மாவுக்குக் கண் மஞ்சளானபோது காமாலை என்று நீங்களே முடிவு செய்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தீர்கள். நான் ஸ்கேன் எடுங்கள் என்று அழுதேன். "ஸ்கேன் எடுக்குற ஆஸ்பத்திரில எங்கிட்ட படிச்ச பசங்கதான் டாக்டர், அவங்க எனக்குச் சொல்லணுமா?" என்று சிரித்தீர்கள். கட்டியைக் கண்டுபிடித்தபோது அறுக்க முடியாத நிலை. அம்மா கடைசி வரை உங்களை டம்ளரும் கையுமாகப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே அதைக் குடித்தார்கள். அந்தக் கையோடு நீங்கள் என் சமையலறையில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆடுகளை நான் நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

சான்ட்ரா

மயிலாப்பூர்
20 நவம்பர் 2024

சான்ட்ராவுக்கு,

உன் அம்மா மர்சலினைப் பற்றி நீ எழுதியது எல்லாம் சரி. ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். அதற்கு நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஜஹீதா உன்னை என்ன செய்தாள்?

அவள் இப்போது பெசன்ட் நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பாத்திரம் தேய்க்கிறாள். போன வாரம் அவள் வேலை செய்கிற வீட்டு வாசலுக்கே போய்ப் பார்த்தேன். "என் பொண்ணு மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னுதான் சொன்னா. நான்தான் அவ பேர வெச்சுப் பொய் சொன்னேன்" என்றேன். "படிச்சவன்னு நம்புனேன் சார் உன்ன. அந்தப் பொண்ணு பாவம், அது சரியாத்தான் சொல்லிகீது" என்றாள். பிறகு கதவை மூடிக்கொண்டாள்.

நேற்று அவளே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சமிருக்கிற ஆடு முந்தாநாளிலிருந்து தின்னவில்லையாம். இனி உன்னைக் கேட்காமல் அதற்கு எதுவும் கொடுக்கமாட்டாளாம். உன் நம்பரைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

படம் அனுப்புவாள். அவளுக்குப் பதில் எழுது. எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு
ராஜநாயகம்