மதியின் இன்டர்வியூ

செவ்வாய், இரவு.

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க எங்கள் துறைக்கு ஒரே ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இன்று அதற்கான இன்டர்வியூ; தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். திருநெல்வேலியிலிருந்து வந்து இந்த வருஷம் சேர்ந்த மதி, ஆங்கிலத்தில் நன்றாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் மலையாளியான துறைத்தலைவர் கையைத் தூக்கி, "மதி, மதி" என்றார். மலையாளத்தில் அதற்குப் போதும், நிறுத்து என்று அர்த்தம். தன் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, அவள் முகமெல்லாம் சிரிப்பாக இன்னும் பேசினாள். அவர் மறுபடியும் "மதி" என்றார். அவள் மறுபடியும் பேசினாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரிலேயே வலியசாலையில் பிறந்து, தமிழும் மலையாளமும் தெரிந்த நானும் சிரித்தேன். அவள் வெளியே போனதும் வேறொருத்தியின் பெயரை முடிவு செய்தோம்.

சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் மதி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மேம், சார் என் பேரை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. எனக்குத்தான் கிடைக்கும்னு அம்மாட்ட சொல்லிட்டேன். அப்பா பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணச் சொல்லிட்டாங்க."

பஸ் வரவில்லை. அவளும் நிறுத்தவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"மதி" என்றேன்.

"சொல்லுங்க மேம்" என்றாள்.