வெளிச்சவீடு நின்ற இடம்

1991 செப்டெம்பர் 23, திங்கள்

என் ஆண்டு நாலு வகுப்பில் இன்றும் அதே கதை. உரும்பிராய்ப் பிள்ளைகள் முன் வாங்குகளில், காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் பின் வாங்குகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அழிறப்பர்கூடக் கைமாறுவதில்லை. அதிபர் இராசநாயகம் எட்டிப் பார்த்துவிட்டு, "அகதிப் பிள்ளையளைப் பின் கொட்டிலிலை தனி வகுப்பாக்குவம் ரீச்சர். உங்களுக்கும் சுகம்" என்றார்.

எனக்கு ஏன் அந்தச் சுகம்? "மாசக் கடைசியிலை கல்வி அதிகாரி வரட்டும் சேர். ரண்டு பகுதியையும் சேர்த்து ஒண்டு செய்விச்சுக் காட்டுறன். அதுக்குப் பிறகு பிரியுங்கோ" என்றேன். "அடுத்த மாசக் கடைசியிலைதான் வாறார். பாப்பம்" என்றார். காட்டுவேன்.

செப்டெம்பர் 30

வகுப்பின் பின்பாதியில் செம்மண் கொட்டி ஊர் கட்டுகிறோம். ஒரு பக்கம் உரும்பிராய், மறுபக்கம் காங்கேசன்துறை, நடுவில் றோட்டு. தயாபரன் வெங்காயப் பாத்தி கட்டி வாய்க்கால் வெட்டுகிறான். தோட்டக்காரர் மகன் என்பது கையில் தெரிகிறது. பின் வாங்குக்காரர் நிவாரணப் பெட்டி மட்டையில் வெளிச்சவீடு, சீமெந்து ஆலை, வள்ளங்கள் வெட்டுகிறார்கள். ஆனால் றோட்டைத் தாண்டி ஒரு கைகூடப் போகவில்லை. அவர்களில் வதனரூபி காங்கேசன்துறையிலிருந்து வந்து ஒரு வருடம். இன்னும் வாய் திறக்கவில்லை, தலையாட்டல்தான்.

ஒக்டோபர் 9

ஒட்டுவதற்கு விளாம்பிசின் கிடைத்தது. கொண்டுவந்தவன் தயாபரன், கொடுத்தது பின் வாங்குக்கு. நான் காணாதவள்போல் இருந்தேன்.

ஒக்டோபர் 16

சரஸ்வதி பூசை. "வேலை செய்யிற சாமானெல்லாம் கும்பத்தடியிலை வையுங்கோ" என்றேன். கத்தரிக்கோல், தூரிகை, பிசின் சிரட்டை எல்லாம் அங்கே போய்விட்டன. இன்னும் ஒட்டாமலிருந்த வெளிச்சவீடு, ஆலை, வள்ளங்களையும் வைத்துச் சந்தனம் பூசிவிட்டார்கள். நானும் பூரித்துப்போய் நின்றேன். மத்தியானம் அதிபர் வந்து சொல்கிறார் — அதிகாரி நாளைக்கே வருகிறாராம்.

விசயதசமி நாளை மறுநாள். அதற்கு முதல் பூசையில் வைத்ததை யார் தொடுவது? "எடுத்து ஒட்டுவம், கலைமகளிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன்" என்று சொல்லிப் பார்த்தேன். முழு வகுப்பும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. முதன்முதலாக எல்லோரும் ஒரே பக்கம், எனக்கு எதிராக. எனக்கும் தொட மனம் வரவில்லைதான்.

என்ரை விசர் வேலை. உரும்பிராய் முழுசா இருக்கு, காங்கேசன்துறை வெறும் மண். நாளைக்கு என்னத்தைக் காட்டப் போறன்? கொட்டில்தானோ?

ஒக்டோபர் 17

அதிகாரி பாத்திகளை ரசித்தார். பிறகு, "அங்காலை ஒண்டும் செய்யேல்லையோ?" என்றார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் தயாபரன் றோட்டைத் தாண்டி அந்த வெறும் மண்ணில் போய், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

"நான்தான் வெளிச்சவீடு, சேர். மட்டையிலை செய்தது பூசையிலை இருக்கு."

பின்னாலிருந்து ஒரு குரல். "அதிலை இல்லை. கடல் பக்கம் தள்ளி நில்."

வதனரூபி.

பிறகு உரும்பிராய்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சிலரை ஆலையாக நிறுத்தினாள், சிலரை வள்ளமாகக் குந்தவைத்தாள். எல்லோர் பெயரும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

"உங்கடை வீடு எங்கை பிள்ளை?" என்று அதிகாரி கேட்டார்.

"வெளிச்சவீட்டுக்கு இஞ்சாலை" என்று, தயாபரனின் காலடியில் போய்க் குந்தினாள்.

ஒக்டோபர் 18

விசயதசமி. எல்லாவற்றையும் எடுத்து ஒட்டினோம். வெளிச்சவீட்டை நட தயாபரனுக்கு மனமில்லை, அது அவன் நின்ற இடமாம். வதனரூபி அவனைத் தள்ளிவிட்டு நட்டாள். சண்டை. நான் விலக்குப் பிடிக்கவில்லை.

பின் கொட்டிலில் விறகு அடுக்கச் சொல்லியிருக்கிறார் அதிபர்.